தங்கச்சியைக் காலேஜில் சேர்க்கணும், டீச்சர்

கேள்வி:

மதிப்புக்குரிய டீச்சருக்கு வணக்கம். எனக்கு ஊர் அருமனைப் பக்கம். வயது 25. கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்பின் தோல் உரிக்கும் பீலிங் வேலைக்குப் போகிறேன். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. என் தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூவில் 600-க்கு 521 மார்க் எடுத்திருக்கிறாள். உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்தவள். பி.எஸ்சி. கணக்கும் அப்புறம் பி.எட்.டும் படித்து டீச்சராக வேண்டும் என்கிறாள். அப்பா முதலில் சரி என்றுதான் சொன்னார். இப்போது மாமா துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒரு பையனைக் கொண்டு வந்திருக்கிறார். இப்போதே பேசி உறுதி பண்ணி, அக்டோபரில் இவளுக்கு 18 முடிந்ததும் கல்யாணமாம். கல்யாணத்துக்கு அப்புறம் அவர்களே படிக்க வைப்பார்களாம். “படிக்கப் படிக்கச் சீதனமும் கூடும், மழை தொடங்கினால் கையில் காசும் இல்லை, காலேஜுக்கு அனுப்பின அடுத்த வீட்டுப் பெண் யாரோடோ போய்விட்டாள்” என்று அப்பா சொல்கிறார். தெரிந்த ஒருவர் பெங்களூரில் நர்ஸிங் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். வீட்டில் என் பேச்சு எடுபடாது. எனக்கும் கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கலாம் என்றுதான் சொன்னார்கள். என் நகை பாதி பணயத்தில் (அடகில்) இருக்கிறது. நான் படிக்காதவள், ஆபீஸில் சம்பாதிக்கிற காசில் அவளுக்கு ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்பு மகளுக்கு,

மற்றதை எல்லாம் பிறகு பேசலாம், முதலில் தேதியைப் பார்ப்போம். தங்கச்சி இன்னும் விண்ணப்பம் போடவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அதைச் செய்துவிட்டு வா. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான். பதிவுக் கட்டணம் 2 ரூபாய், விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய். நாகர்கோவில் கோணத்தில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். உங்களுக்குப் பக்கம் மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி. பெண்கள் மட்டும் படிக்கும் கல்லூரிதான் வேண்டும் என்று அப்பா சொன்னால் நாகர்கோவிலில் ஹோலி கிராஸ், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி இரண்டும் இருக்கின்றன, சுங்கான்கடையில் ஸ்ரீ ஐயப்பா மகளிர் கல்லூரி இருக்கிறது. குறைந்தது மூன்று இடத்தில் போடுங்கள்.

அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லையே, அதற்குள் எப்படி என்று தயங்காதே. விண்ணப்பம் போட்டதாலேயே சேர்ந்ததாக ஆகிவிடாது. ஒளித்தும் செய்ய வேண்டாம். “போட்டு வைக்கிறோம் அப்பா, சேர்க்கிறதை நீங்கதான் முடிவு பண்ணணும்” என்று சொல்லிவிட்டே செய். கையில் சீட் இருக்கும்போது நடக்கிற பேச்சு வேறு மாதிரி இருக்கும். சீட் இல்லாமல் பேசினால் அந்தப் பேச்சு ஜூலை வரை இழுக்கும், ஜூலையில் சீட்டும் இருக்காது. சம்பந்தம் பேசுகிறவர்கள் யாரும் காலேஜ் வேண்டாம் என்று சொல்வதில்லை. பார்ப்போம், பேசுவோம் என்றே நாளைக் கடத்துவார்கள். நான் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு நடத்திய 31 வருஷத்தில் என் பிள்ளைகள் பலர் படிப்பை விட்டது இப்படித்தான். வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், தேதி தாண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் எந்த போன் நம்பரைக் கொடுக்கிறீர்கள் என்பதையும் கவனி. ஓடிபி, தரவரிசை, கலந்தாய்வு நாள் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். சில வருஷங்களுக்கு முன்பு தூத்தூர் பக்கத்துக் கடலோரப் பெண் ஒருத்திக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். வீட்டில் ஒரே போன், அதனால் அப்பாவின் நம்பரைப் போட்டோம். அவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர், போட்டில் ஏறினால் திரும்ப வாரக்கணக்காகும். கலந்தாய்வுக்கு வரச்சொல்லி வந்த செய்தி நடுக்கடலில் சிக்னல் இல்லாத போனுக்குப் போயிருக்கிறது. அவர் கரைக்கு வந்து போனைத் திறந்தபோது தேதி முடிந்து ஒன்பது நாள். அந்தப் பிள்ளை என்னிடம் வந்து அழக்கூட இல்லை, “பரவாயில்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் அவள் விண்ணப்பிக்கவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. அதிலிருந்து நான் முதலில் கேட்பதே போன் நம்பரைத்தான். உங்கள் அப்பா விடியுமுன்னே போனோடு தோட்டத்துக்குப் போகிறவர். அதனால் உன் நம்பரைப் போடு, தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பார்.

இனி பணம். கணக்கு டீச்சர் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஒரு பேப்பரில் எழுதிக்கொள்.

ஒரே கல்லூரியில், ஒரே பாடத்துக்கு இரண்டு விதமான பீஸ் இருக்கும். எய்டட் பிரிவு என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, அதனால் பீஸ் குறைவு. செல்ஃப் பைனான்ஸ் என்றால் எல்லாம் மாணவர் தலையில். ஒரே கட்டடம், ஒரே பல்கலைக்கழகம், ஒரே பட்டம். உங்களைப் போன்றவர்கள் கவுன்ட்டரில் போய் “கணக்குக்கு சீட் இருக்கா” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள். “எய்டடா, செல்ஃபா?” என்று கேள். 521 மார்க் எடுத்த பிள்ளைக்கு எய்டடில் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கோணம் அரசுக் கல்லூரி கிடைத்தால் இன்னும் குறைவு.

அடுத்தது புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மட்டும்தான் மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். “நாங்க எய்டட் ஸ்கூல், எங்களுக்குக் கிடையாது” என்று இப்போதும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டம் முழுக்க உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த நம் ஊரில் அது பெரிய குறையாகத்தான் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அதை விரிவாக்கிவிட்டார்கள். உன் தங்கச்சி ஆறிலிருந்து தமிழ் மீடியம் என்று எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரிக்காகவே உன்னைப் பாராட்ட வேண்டும். படிப்பு முடியும் வரை பணம் நேராக அவள் கணக்குக்கு வரும். மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. கல்லூரியில் சேர்ந்ததும் இதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேட்டு அவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு அவள் பேரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பாஸ்புக்கிலும் ஆதாரிலும் இனிஷியல் மாறியிருந்தால் இப்போதே திருத்து. பணம் வராமல் என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான் இருந்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அது மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பித்து வாங்கி வை, நலத்துறை உதவித்தொகைக்கு இரண்டும் வேண்டும். அப்பாவிடம் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேள். இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு அதிலும் உதவி உண்டு. பதிந்துவிட்டுப் புதுப்பிக்காமல் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்களே அதிகம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை என்பது உனக்கே தெரியும்.

“மழை தொடங்கினால் கையில் காசு இல்லை” என்று அப்பா சொன்னதைச் சாக்கு என்று நினைத்துவிடாதே. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும். பிறகு கொஞ்சம் நிமிரும்போது ஜூன் வாக்கில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொள்ளும். மரத்தில் பிளாஸ்டிக் மறைப்பு கட்டாத தோட்டங்களில் மழை பெய்யும் நாளெல்லாம் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. சரியாக அந்த ஜூனில்தான் கல்லூரி பீஸ் கேட்கிறது. பால்வெட்டுக்காரர் வீட்டில் வருஷத்திலேயே கை காய்ந்திருக்கும் மாதம் அது. அப்பாவுக்கு மனம் இல்லாமல் இல்லை, அந்த மாதத்தில் பணம் இல்லை. எனவே நீங்கள் தேட வேண்டியது மூன்று வருஷச் செலவை அல்ல, முதல் தவணையை மட்டும். அம்மா இருக்கும் மகளிர் குழுவில் இப்போதே சொல்லி வையுங்கள். உன் சம்பளத்தில் ஒரு பங்கு. தவணையாகக் கட்ட முடியுமா என்று கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டால் போதாது. கந்துவட்டிக்கு மட்டும் போகாதே. மீதி நகையையும் பணயம் வைக்காதே.

ஆபீஸ் காசில் தங்கச்சியைப் படிக்க வைப்பதை ஏதோ ஒதுங்கி நின்று சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா தம்முடைய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸை விற்ற பணத்தில் பெண் பிள்ளைகளின் படிப்பு நடந்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். பிறகு பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஒட்டி எழுந்த தோள்சீலைக் கலவரத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன, படிக்கப் போன பெண்களும் அடிபட்டார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜாவின் அறிவிப்பு வரும் வரை அந்தக் காலம் நீண்டது. இந்த மண்ணில் பெண் படிப்பு பெண்களின் கைக்கூலியில்தான் தொடங்கியது. அண்டிப் பருப்பு உரித்துக் காய்த்துப்போன உன் விரல்களை நினைத்து நீ கூச வேண்டியதில்லை.

அப்படிப் போராடிப் பெற்ற மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று பெண் பிள்ளையைத் தடுக்கிற வீட்டை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் காலேஜ் திறப்பதற்கும் நடுவே இருக்கிற அந்த ஒன்றரை மாதத்தில்தான் நம் பெண்கள் வழுக்குகிறார்கள். மார்க் வந்த வாரத்திலேயே புரோக்கரும் வந்துவிடுகிறார். உன் தங்கச்சி இப்போது நிற்பது அந்த இடத்தில்தான்.

இனி அப்பாவின் பயம். அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய். எனக்கென்னவோ சீதனம், மழை, துபாய் மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த வரிதான் என்று தோன்றுகிறது. அந்தப் பயத்தைக் கேலி செய்யாதே. அந்தப் பெண் செய்தது தப்பா சரியா என்று வாதாடவும் வேண்டாம். “நம்ம பிள்ளை அப்படிப் போகமாட்டா அப்பா, நான் பொறுப்பு” என்று மட்டும் சொல்லிவிடாதே. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த வார்த்தை நாளைக்கு அவள் கழுத்தைப் பிடிக்கும். அவளுடைய படிப்பு அவள் நடத்தைக்குக் கொடுத்த பரிசு என்று ஆகிவிடும். பஸ் அரைமணி தாமதமானாலும், வகுப்புப் பையன் ஒருவன் நோட்டுக்காகப் போன் செய்தாலும் படிப்பை நிறுத்து என்று யாராவது சொல்ல இடம் கிடைத்துவிடும்.

அதற்குப் பதிலாகப் பயத்தைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்துவிடு. எத்தனை மணிக்குப் போவாள், எந்த பஸ், எங்கே மாறுவாள், எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசியில் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் ரப்பர் தோட்டத்து வழியில் யார் கூட வருவார்கள். மழை நாளில் அப்பா வீட்டில்தான் இருப்பார். அப்படி ஒரு நாள் காலையில் அவரையும் தங்கச்சியையும் அந்த பஸ்ஸிலேயே மார்த்தாண்டம் கூட்டிக்கொண்டு போ. பையைப் பின்னால் போட்டுக்கொண்டு ஏறும் பெண்களை அவர் கண்ணால் பார்க்கட்டும். அதில் அவருக்குத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்கும். கல்லூரி வாசலை, ஆபீஸை, துறைத் தலைவரைப் பார்க்கட்டும். என் அனுபவத்தில், கல்லூரிக்குள் ஒரு முறை போய் வந்த அப்பா பிறகு கல்லூரியைப் பற்றி வேறு குரலில் பேசுவார். பீஸையும் அவர் கையாலேயே கட்டச் சொல், பணம் உன்னுடையதாக இருந்தாலும் சரி. ரசீது அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

உன் பேச்சு எடுபடாது என்றால் யார் பேச்சு எடுபடும் என்று பார். சபைப் போதகரா, தோட்டத்துக் கணக்கரா? அப்பாவோடு பால்வெட்டுகிறவர்களில் மகளைப் படிக்க வைத்தவர் ஒருவர் இருந்தால் அவரைப் போல யாரும் பேச முடியாது. தங்கச்சியின் கணக்கு டீச்சரும் ஒரு நடை வீட்டுக்கு வரலாம். கூப்பிட்டால் வருவார்கள். நாங்கள் யாரும் இதற்காக நடக்காதவர்கள் இல்லை.

மாமாவைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அவர் அவருக்குத் தெரிந்த வழியில் நல்லதைத்தான் தேடியிருக்கிறார். அவர் முகம் கோணாமல் அம்மா சொல்லலாம்: “அண்ணா, பையன் நல்ல பையன்தான். பிள்ளைக்குக் காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. டிகிரி முடியட்டும், அப்புறம் பேசுவோம்.” குற்றம் சொல்லவில்லை, கதவையும் அடைக்கவில்லை. மூன்று வருஷம் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். பவுன் பெட்டியில் இருக்கும், எங்கும் போகாது. சேர்க்கைத் தேதி போய்விடும்.

கல்யாணத்துக்கு அப்புறம் படிக்க வைப்போம் என்ற வாக்குக்கு நான் பதில் எழுதத் தேவையில்லை. உன் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அதை அப்பாவிடம் குற்றச்சாட்டாக வீசாதே, உன் புருஷன் வீட்டாரையும் இழுக்காதே. நடந்ததை மட்டும் சொல். கல்யாணம் எந்த மாதம் நடந்தது, விண்ணப்பம் எந்த மாதம் முடிந்தது, பையன் எப்போது பிறந்தான், முதல் நகை எப்போது பணயத்துக்குப் போனது. தேதிகளைச் சொன்னால் போதும். அந்தக் கணக்கை உங்கள் அப்பா இதுவரை போட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

படித்தால் சீதனம் கூடும் என்பது நம் மாவட்டத்தில் வெறும் பேச்சு இல்லை, கண்முன் நடப்பதுதான். படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை, அவனுக்கு இத்தனை பவுன், காருக்கு இத்தனை என்று கேட்கிறார்கள். 1961-லேயே கேட்பதையும் வாங்குவதையும் கொடுப்பதையும் சட்டம் குற்றமாக்கிவிட்டது, இருந்தும் நடக்கிறது. டிகிரி முடித்தால் சீதனம் கேட்கமாட்டார்கள் என்று அப்பாவிடம் பொய் வாக்கு கொடுக்காதே. ஆனால் ஒன்றைக் கேள். உனக்குப் பிளஸ் டூவோடு நிறுத்தியதால் சீதனம் குறைந்ததா? கொடுத்த நகை இப்போது எங்கே? அந்த நகையோடு ஒரு வேலைக்கான படிப்பும் உன் கையில் இருந்திருந்தால் இந்த ஐந்தாறு வருஷம் எப்படிப் போயிருக்கும்? இந்த மூன்று கேள்விக்கும் அவரே பதில் சொல்லட்டும்.

பெங்களூர் நர்ஸிங் சீட்டை அப்படியே விட்டுவிடு. நர்ஸிங் நல்ல படிப்பு, நம் ஊர்ப் பெண்கள் அதில் உலகம் முழுக்கப் போயிருக்கிறார்கள். ஆனால் இவள் கேட்டது கணக்கு. அதோடு ஏஜென்ட் கையில் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு, கல்லூரி சரியில்லை என்று திரும்பி வர முடியாமல் தவித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் காரணத்துக்கும் ஒரிஜினலை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் அறிவித்திருக்கிறது.

தங்கச்சியிடமும் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பி.எஸ்சி. மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம், ஆக ஐந்து. அதற்குப் பிறகு அரசு வேலைக்குத் தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும் இருக்கின்றன. பி.எட். முடித்துவிட்டுச் சின்னச் சம்பளத்தில் தனியார் பள்ளிகளில் நிற்கிற பெண்கள் நம் மாவட்டத்தில் நிறைய. தெரிந்தே அவள் இந்த வழியில் வரட்டும். கணக்கில் பட்டம் இருந்தால் வங்கித் தேர்வுக்கும் பிற போட்டித் தேர்வுகளுக்கும் பெரிய பலம், பள்ளிக்கூடம் ஒன்றுதான் வழி என்று இல்லை. ஆனால் “படிச்சு முடிச்சதும் வேலை” என்று அப்பாவிடம் சத்தியம் பண்ணாதீர்கள். அந்தச் சத்தியம் பொய்த்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பும் சேர்ந்து நிற்கும்.

சட்டத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான். அக்டோபர் வரை அவளுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். 18 முடிந்த பிறகும் அவள் சம்மதம் இல்லாமல் யாரும் செய்ய முடியாது. அவசரப்பட்டு முன்னாலேயே நடத்தப் பார்த்தாலோ, அவளை அடித்தாலோ, வீட்டில் அடைத்தாலோ, தயங்காமல் 1098-க்குக் கூப்பிடு. பெண்களுக்கான உதவிக்கு 181. இரண்டும் எந்நேரமும் எடுப்பார்கள். ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால் உங்கள் அப்பா அந்த மாதிரி மனிதர் இல்லை, முதலில் சரி என்று சொன்னவர். நம்பரை மனதில் வைத்துக்கொள், பேச்சில் எடுக்காதே. படிப்பு பற்றிய சந்தேகங்களுக்கு 14417 இருக்கிறது. எந்தக் கல்லூரியிலும் சேராமல் விடுபட்ட பிள்ளைகளுக்கு ‘உயர்வுக்குப் படி’ என்று முகாம் நடத்துகிறார்கள், ஏதாவது தடங்கல் வந்து தேதி தாண்டிவிட்டால் அங்கே போய் நில்.

இனி உன் விஷயம். “நான் படிக்காதவள்” என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதிய கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை, பத்தி பிரித்து எழுதியிருக்கிறாய், தங்கச்சியின் மார்க், மீடியம், பிறந்த மாதம் என்று எனக்கு வேண்டிய எல்லாவற்றையும் நான் கேட்காமலேயே கொடுத்திருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாம் என்று உன்னிடம் சொன்னார்கள் என்றால் நீ பிளஸ் டூ முடித்தவள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நீ படிக்காதவள் இல்லை. படிப்பு நிறுத்தப்பட்டவள்.

25 வயது ஒன்றும் தாமதம் இல்லை. வேலையை விட முடியாது என்றால் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம். கைத்தொழில் வேண்டும் என்றால் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. அங்கே பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, நீயும் தமிழ் மீடியம் என்றால் அதற்கான சான்றிதழைப் பள்ளியில் கேட்டு வாங்கு. நாகர்கோவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். எதை எடுப்பது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பையன், ஆபீஸ், வீடு மூன்றுக்கும் நடுவில் உனக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று ஒரு வாரம் எழுதிப் பார், பிறகு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம்.

அக்காதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தங்கச்சியின் பீஸில் உன் பங்கு எவ்வளவு என்று நீ முடிவு செய்யும்போதே, உனக்கென்று மாதம் ஒரு தொகையை, 200 ரூபாயாக இருந்தாலும் சரி, உன் பேரில் தனியாகப் போட்டு வை. இரண்டு பெண்கள் படிக்க வேண்டிய வீடு உங்களுடையது.

தங்கச்சிக்கு எந்தக் கல்லூரியில், எய்டடிலா செல்ஃபிலா இடம் கிடைத்தது என்று எனக்கு எழுது. உன் பிளஸ் டூ மார்க் ஷீட் இப்போது எங்கே இருக்கிறது, அப்பா வீட்டிலா, புருஷன் வீட்டிலா என்பதையும் அதே கடிதத்தில் எழுது. தேடி எடுத்து, தங்கச்சியின் சான்றிதழ்கள் இருக்கும் பைலிலேயே வை.

அன்புடன்,
டீச்சர்